பெங்களூர் வெரிஃபிகேஷன் லீடுங்களுக்கு: ஜிட்டர் மாடலுக்கு சும்மா டிக் அடிச்சிடாதீங்க

வணக்கம்ங்க. மாரத்தஹள்ளி, பெல்லந்தூர், ஒயிட்ஃபீல்டு, எந்த ஆபீஸ் கேன்டீன்ல உக்காந்தாலும் பக்கத்து டேபிள்ல தமிழ் காதுல விழுது, அதுல சிப் வேலை பாக்கறவங்க நெறைய பேரு, அதான் இதைத் தமிழ்லயே எழுதறேன். நான் அனலாக் பக்கம், பிஎல்எல் (மூல க்ளாக்கோட பூட்டி சிப்புக்கு க்ளாக் உண்டாக்கற லூப் சர்க்யூட்) பண்ற ஆளு. சிப்போட க்ளாக் துடிப்பு வர வேண்டிய நேரத்துலேர்ந்து துளி முன்ன பின்ன ஆடறதுதான் ஜிட்டர்; சிப் செய்யறதுக்கு முன்னாடி வெரிஃபிகேஷன்காரங்க சிமுலேஷன்ல சரிபாக்கும்போது அந்த ஆட்டத்தையும் மாடலா சேக்கணும். ஒரே ஒரு கோரிக்கைதான். ரிவ்யூல "க்ளாக் ஜிட்டர் மாடல் பண்ணியாச்சா?"ன்னு கேட்டு, "ஆச்சு சார்"னு பதில் வந்ததும் அடுத்த ஸ்லைடுக்குத் தாவிடாதீங்க. எப்படிப் பண்ணாங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

ஏன்னா தப்பான மாடல் எரர் எதுவும் குடுக்காது, பச்சையா பாஸ் ஆகிடும். வெரிலாக்ல (சிப் டிசைனை எழுதற மொழி) இருக்கற, ரேண்டம் நம்பர் குடுக்கற டிஸ்ட்-நார்மல் ஃபங்ஷன் முழு எண்தான் வாங்கும், முழு எண்தான் திருப்பித் தரும். சிக்மா (எவ்வளவு ஆடுதுங்கறதோட திட்ட விலக்கம்) 0.3 பிகோசெகண்டுன்னு அப்படியே உள்ள குடுத்தா அது 0 ஆகிடும், க்ளாக் கண்ணாடி மாதிரி சுத்தமா ஓடும், ரிப்போர்ட்ல மட்டும் "ஜிட்டர் எனேபிள்டு"ன்னு இருக்கும். சரி, ரியல் நம்பரா கணக்கு போட்டு டிலேல கூட்டறோம்னு சொன்னாலும், டைம் ப்ரிசிஷன், அதாவது சிமுலேட்டர் பாக்கற மிகச் சின்ன நேர அளவு, 1 பிகோசெகண்டுல நின்னா அங்க ரவுண்ட் ஆகும்: பத்து எட்ஜ்ல (க்ளாக் மாறற கணத்துல) ஒன்பது அசையவே அசையாது, மிச்சம் ஒண்ணு டபக்குனு 1 பிகோ நகரும். இதை காஸியன், அதாவது மணி வடிவப் பரவல்னு சொன்னா காஸே சிரிப்பாரு. ப்ரிசிஷனை 1 ஃபெம்டோசெகண்டுக்கு (பிகோல ஆயிரத்துல ஒரு பங்கு) இறக்கிட்டு, சிக்மாவை 300னு குடுத்து, வர்ற நம்பரை ஃபெம்டோசெகண்டா எடுத்துக்கிட்டா முடிஞ்சது.

அது சின்ன விஷயம். பெரிய விஷயம், ஜிட்டர் சேருதா சேரலையாங்கறது. டிப்போலேர்ந்து டைம்டேபிள் பாத்து ஒவ்வொரு பஸ்ஸா கிளம்பினா, ஒரு பஸ் சில்க் போர்டு டிராஃபிக்ல மாட்டினாலும் அடுத்த பஸ்ஸுக்கு அந்த லேட் ஒட்டாது. ஒரே பஸ் போயிட்டு வந்து திரும்பக் கிளம்பற கதைன்னா காலைல விட்ட பத்து நிமிஷம் சாயந்தரம் வரைக்கும் கூடவே வரும். ரெஃபரன்ஸ் க்ளாக்ல (பிஎல்எல் பின்தொடர்ற மூல க்ளாக்) வர்ற பஃபர் நாய்ஸ், க்ளாக்கை வகுக்கற டிவைடர் எல்லாம் முதல் வகை. தனியா ஓடற விசிஓ (பிஎல்எல்லுக்குள்ள இருக்கற, வோல்டேஜால வேகம் மாறற ஆசிலேட்டர்) ரெண்டாவது வகை: சைக்கிளுக்கு 1 பிகோ சிக்மான்னா 100 சைக்கிள் தாண்டி 10 பிகோ, 10,000 சைக்கிள் தாண்டி 100 பிகோ, ஸ்கொயர் ரூட் கணக்குல ஏறிக்கிட்டே போகும். இந்த ரெண்டையும் ஸ்பெக்டர் சிமுலேட்டரை உருவாக்கின கென் குண்டர்ட் எப்பவோ தெளிவா பிரிச்சு எழுதிட்டாரு, ஆனா இன்னமும் டெஸ்ட்பெஞ்ச்ல (சிப்பை சோதிக்கற புரோகிராம்ல) எல்லாத்துக்கும் ஒரே புரோகிராம் வரிதான், அரை பீரியட் கூட்டல் ரேண்டம் நேரம் காத்திரு, க்ளாக்கை டாகிள் பண்ணு. அது எப்பவுமே சேர்ற வகை. ரெஃபரன்ஸுக்கு வேணும்னா புது ஆஃப்செட்டைக் கூட்டி பழைய ஆஃப்செட்டைக் கழிக்கணும், ஒரே ஒரு வரிதான் கூடும்.

தலைகீழா, விசிஓவுக்கு சேராத ஜிட்டரைப் போட்டா இன்னும் மோசம். லூப் பேண்ட்விட்த்தை, அதாவது பிஎல்எல் விசிஓவைத் திருத்தற வேகத்தை, குறைச்சா விசிஓ நாய்ஸ் வெளிய வரணும், அதுக்குத்தான் நாங்க ராத்திரி பகலா மண்டையை உடைச்சுக்கறோம், ஆனா உங்க சிமுலேஷன்ல என்ன குறைச்சாலும் அவுட்புட் அப்படியே இருக்கும். அப்புறம் சிலிக்கான், அதாவது நிஜ சிப், வந்ததும் எல்லாரும் எங்களைப் பாப்பீங்க!

சீடு, அதாவது ரேண்டம் வரிசை எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு குடுக்கற நம்பர், அதைப் பத்தியும் சொல்லிடறேன். டிரான்ஸ்மிட்டர் க்ளாக், ரிசீவர் க்ளாக் ரெண்டுக்கும் ஒரே மாட்யூலை இன்ஸ்டான்ஸ் பண்ணி சீடை மாத்தாம விட்டா ரெண்டுலயும் அச்சு அசல் ஒரே வரிசை வரும், வித்தியாசம் பாத்தா ரெண்டும் கழிஞ்சு போயிடும், ஐ டயக்ராம் (பிட்டுங்களை ஒண்ணு மேல ஒண்ணா வரையற, கண் மாதிரி தெரியற படம்) அகலமா அழகா திறந்து நிக்கும். யாருக்கும் சந்தேகமே வராது.

பீக்-டு-பீக் நம்பரை (ஒரு கோடியிலேர்ந்து மறு கோடி வரைக்கும் பாத்த ஆட்டம்) ஸ்லைடுல பெருசா போடறதையும் விட்டுடுங்க. ரேண்டம் ஜிட்டருக்கு எல்லை கிடையாது. பத்தாயிரம் எட்ஜ் ஓட்டினா சுமார் பிளஸ் மைனஸ் 4 சிக்மா வரைக்கும்தான் கண்ணுல படும், பிட் எரர் ரேட் (எத்தனை பிட்டுல ஒண்ணு தப்பாகலாம்ங்கற அளவு) பத்தின் மைனஸ் 12ஆவது அடுக்குன்னா மொத்தம் 14 சிக்மா ஒதுக்கணும். சிக்மாவை ஒழுங்கா எடுத்து பெருக்கறதுதான் வழி, அத்தனை பிட்டை சிமுலேட்டர்ல ஓட்டி முடிக்கறதுக்குள்ள சிப்பே பழசாகிடும்.

அதனால அடுத்த ரிவ்யூக்கு ஒரே ஒரு ப்ளாட் கேளுங்க. கீழ அச்சுல எத்தனை சைக்கிள் தள்ளிப் பாக்கறோம்னு, மேல அந்த இடைவெளியோட சிக்மா. ரெஃபரன்ஸ்னா கோடு படுத்தே இருக்கணும், தனி விசிஓன்னா ஏறிக்கிட்டே போகணும், பூட்டின பிஎல்எல்னா கொஞ்ச தூரம் ஏறிட்டு சமமாகணும். ஸ்க்ரிப்ட் எழுத ஆள் இல்லைன்னா எங்க பக்கம் சொல்லி அனுப்புங்க, நாங்களே வந்து உக்காந்து போட்டுத் தர்றோம், தர்ஷினி ஹோட்டல்ல காபி மட்டும் உங்க கணக்கு.

இப்படிக்கு,
ரிங் ரோட்டு அனலாக்காரன் ஒருத்தன்