லேஸெலைத் திருத்திவிடாதீர்கள்: லேரியன் கதைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள லேரியன் ஸ்டூடியோஸ் கதைக்குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் வீடியோ கேமான பால்டர்ஸ் கேட் 3 வெளிவந்த 2023 ஆகஸ்டிலிருந்து உங்களுக்குப் பாராட்டு மடல்கள் குவிந்திருக்கும். இது அந்த வகை மடல் இல்லை. ஒரு கோரிக்கை இருக்கிறது. அடுத்த ஆட்டத்தை எழுதும்போது, ஆட்டக்காரரோடு கூட வரும் கதாபாத்திரங்களான கம்பேனியன்கள் எல்லோருக்கும் பிடித்தவர்களாக இருக்க வேண்டும் என்ற அழுத்தம் உங்களுக்கு வரும். அதைத் தரப்போவதும் எங்களைப் போன்ற ரசிகர்கள்தான். அப்போது தயவுசெய்து எங்கள் பேச்சைக் கொஞ்சம் குறைவாகவே கேளுங்கள்.

(ஆட்டத்தை இன்னும் முடிக்காதவர்கள் இந்த மடலைப் பிறகு படிக்கலாம். கதையை ஒளித்து எழுத எனக்கு வராது.)

2020 அக்டோபரில் ஏர்லி ஆக்ஸஸ், அதாவது முழுமையாகாத முன்னோட்டப் பதிப்பு, வந்தபோது நிறைய பேர் சொன்ன குறை உங்களுக்கு நினைவிருக்கும்: கூட வருகிற யாருக்குமே நம்மைப் பிடிக்கவில்லை! ஷேடோஹார்ட் எதைக் கேட்டாலும் வெடுக்கென்று பதில் சொன்னாள். அஸ்டாரியன் முதல் சந்திப்பிலேயே கழுத்தில் கத்தியை வைத்தான். கேல் மட்டும் மரியாதையாகப் பேசினான், அவனிடமும் கொஞ்சம் அலட்டல். நல்ல குணமுள்ளவர்கள் பின்னால் வருவார்கள் என்று நீங்கள் சொல்லிப் பார்த்தீர்கள். முழு ஆட்டம் வந்தபோது ஷேடோஹார்டின் பேச்சில் காரம் குறைந்திருந்தது. வில் ரேவன்கார்டோ குரல் உட்படக் கிட்டத்தட்டப் புது ஆளாகவே வந்து நின்றான்.

லேஸெல் என்ற போர்வீராங்கனை மட்டும் பெரிதாக மாறவில்லை. அதற்காகத்தான் இந்த மடலையே எழுதுகிறேன்.

கப்பலில் பார்த்த முதல் நொடியில் வாளை நீட்டுகிறாள். அப்புறம் கூண்டில் மாட்டிக்கொண்டு தொங்கும்போதும் உதவி கேட்பதில்லை, விடுவிக்கச் சொல்லி உத்தரவு போடுகிறாள். முகாமில் ஒருநாள் இரவு, தலைக்குள் இருக்கும் ஒட்டுண்ணியால் எல்லோரும் மைண்ட் ஃபிளேயர் என்ற அரக்கர்களாக மாறப்போகிறோம் என்று முடிவு செய்து, என்னைக் கொல்லக் கத்தியோடு வந்து நிற்கிறாள். அவள் கணக்கில் அது கருணை. அந்த இடம் வரை எனக்கு அவளைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் இனத்தாரின் முகாமான யிலெக் கிரெஷில், ஒட்டுண்ணியை நீக்குவதாகச் சொல்லப்படும் அந்த ஸைத்திஸ்க் இயந்திரத்தில் ஏறிப் படுக்கிறாள் பாருங்கள். தன் இனத்தின் மருத்துவம், தன் ராணியின் வாக்கு, தன்னைக் காப்பாற்றும் என்று கொஞ்சமும் சந்தேகமில்லாமல் படுக்கிறாள். அது அவளைக் கொல்வதற்காகவே செய்யப்பட்ட இயந்திரம். ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து அவள் காட்டிய திமிர் முழுக்க இந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றது என்று அப்போதுதான் புரிகிறது. ஏர்லி ஆக்ஸஸில் நாங்கள் கேட்டபடி அவளை இன்னும் கொஞ்சம் இனிமையானவளாக ஆக்கியிருந்தால், இந்த இடத்தில் உடைவதற்கு அவளிடம் எதுவும் இருந்திருக்காது. அவளாக நடித்த டெவோரா வைல்டின் குரலுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லவன், வீரன், கண்ணியமானவன். இன்னொரு கம்பேனியனான கார்லாக்கைக் கொல்ல மறுத்ததற்காகத் தலையில் கொம்பு முளைக்கிற தண்டனையை வாங்கிக்கொள்கிறான். அருமையான காட்சி. அதற்குப் பிறகு? முகாமில் எல்லோரிடமும் பேசி முடித்த பிறகுதான் எனக்கு அவன் ஞாபகம் வருகிறது. அவனுக்காக வருந்துவதை விட்டு, அவனோடு சண்டை போட எனக்கு ஒரு காரணமும் நீங்கள் தரவில்லை. பழைய வில்லிடம் கோப்ளின்கள் மீது ஒரு பழிவெறி இருந்தது. புகார்களைக் கேட்டு அதையும் சேர்த்துக் கழுவிவிட்டீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நல்லவர்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. கார்லாக்கைவிட நல்லவள் யார்? ஆட்டத்திலேயே அதிகம் பிடித்தவள் அவள் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவள் நெஞ்சில் எரியும் நரக இயந்திரத்தைச் சரிசெய்ய வழி வேண்டும் என்று ரசிகர்கள் கெஞ்சினார்கள். நீங்கள் 2023 ஆகஸ்ட் முடிவதற்குள் இரண்டாவது பேட்சில் (ஆட்டத்துக்கான திருத்தத்தில்) அவளுடைய முடிவைப் பெரிதாக்கினீர்கள், நரகமான அவெர்னஸுக்குத் துணையோடு போகலாம் என்றீர்கள், ஆனால் இயந்திரத்தைச் சரிசெய்ய விடவில்லை. அவளை நரகத்துக்கு விற்ற கோர்டாஷ் செத்த பிறகு, சாக விருப்பமில்லை என்று அவள் கத்துகிற இடம் அதனால்தான் பொய்யாகவில்லை. இதே உறுதியை வில் விஷயத்திலும் காட்டியிருக்கலாம்.

அடுத்து, அந்த அப்ரூவல் கணக்கு. திரையின் ஓரத்தில் இன்னாருக்கு இது பிடித்தது, இன்னாருக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு வரி வந்து போகிறதே, அதைப் பார்த்துப் பார்த்து நாங்கள் எல்லோரும் கணக்கப்பிள்ளைகளாகிவிட்டோம். யாருக்காவது இரக்கப்பட்டு உதவப் போகிறோம் என்றால் அஸ்டாரியனை முகாமிலேயே விட்டுவிட்டுப் போவது, முடிந்ததும் கூப்பிட்டுக்கொள்வது. பக்கத்தில் இல்லாவிட்டால் அவனுக்குத் தெரியாது. இது என்ன உறவு? ஆட்டம் வந்த புதிதில் கேல் சட்டென்று காதலில் விழுந்ததுகூட ஒரு பிழை என்று உங்கள் தலைவர் ஸ்வென் வின்கேவே பின்னால் சொன்னார். எண்ணை நம்பினால் அப்படித்தான் ஆகும்.

2009இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸிலும் இதே எண் உண்டு, பரிசு கொடுத்தே ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அதில் கூட வரும் அலிஸ்டர் உங்கள்மேல் உயிரையே வைத்திருந்தாலும், துரோகியான லோகெய்னை மன்னித்துக் குழுவில் சேர்த்தால் கிளம்பிவிடுவான். எத்தனை பரிசு கொடுத்திருந்தாலும் அந்த இடத்தில் செல்லாது. உங்கள் ஆட்டத்தில் டீஃப்லிங் இன அகதிகள் ஒதுங்கியிருக்கும் தோப்பைத் தாக்கினால் வில்லும் கார்லாக்கும் நம்மை விட்டுப் போய்விடுகிறார்கள். சரியான முடிவு. ஆனால் மூன்றாம் பாகத்துக்கு வந்த பிறகு நான் எவ்வளவு கேவலமாக நடந்தாலும் பெரும்பாலானவர்கள் முனகிக்கொண்டே கூட வந்தார்கள். இதே டிராகன் ஏஜ் வரிசையில் 2024இல் வந்த தி வேல்கார்டில் ஏழு கம்பேனியன்கள். நான் செய்வது பிடிக்காமல் ஒருவர்கூட மூட்டையைக் கட்டுவதில்லை. எம்ரிக்கும் அவருடைய எலும்புக்கூட்டு உதவியாளன் மேன்ஃப்ரெட்டும் எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள்தான். இருந்தும் அந்தக் குழுவோடு சுற்றியபோது, பயிற்சி முகாமுக்கு வந்த சக ஊழியர்கள் எல்லோரும் முறையாக நடந்துகொள்கிற மாதிரியே இருந்தது.

நீங்கள் இதைவிட நன்றாகச் செய்வீர்கள் என்பதற்கு நிழல் உலகமான ஷேடோஃபெல்லில் வரும் காட்சியே சாட்சி. தன் தெய்வத்துக்காகக் கொல்ல வேண்டிய கைதி நைட்சாங்கின் முன்னால் ஈட்டியோடு ஷேடோஹார்ட் நிற்கும்போது நான் அவளைத் தடுக்கலாம், தூண்டிவிடலாம், அல்லது அவளே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடலாம். முன்பு அவளோடு எப்படிப் பழகியிருந்தோம் என்பதைப் பொறுத்து, நான் வாயை மூடிக்கொண்டிருக்கும்போதே அவள் ஈட்டியைத் தூக்கி எறிகிறாள். பகடைகூட உருட்ட வேண்டியதில்லை. ஆட்டம் முழுக்க என்னிடம் முடிவு கேட்டுக்கொண்டே இருந்தவர்களில் ஒருத்தி என் அனுமதி இல்லாமல் ஒரு காரியம் செய்தாள். அவளை எனக்குப் பிடித்துப்போனது அங்கேதான்.

ஆக, கேட்பது இவ்வளவுதான். அந்த அப்ரூவல் வரியை மறைத்துவிடுங்கள், முகத்தைப் பார்த்து நாங்களே தெரிந்துகொள்கிறோம். கதையின் கடைசிப் பகுதியிலும் விலகிப் போகிற உரிமையை அவர்களுக்குக் கொடுங்கள். அப்புறம் முகாம். ஆளுக்கொரு கூடாரத்தின் முன்னால் தனித்தனியாக நின்றுகொண்டு எனக்காகக் காத்திருக்கிறார்கள். 2023 நவம்பரில் ஐந்தாவது பேட்சில் சேர்த்தீர்களே, ஆறு மாதம் கழித்து எல்லோரும் சந்திக்கிற விருந்து, அங்கேயும் ஒவ்வொருவரிடமும் நான்தான் போய்ப் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது. வழியில் நடக்கும்போது அவர்களுக்குள் பேசிக்கொள்கிற துண்டு உரையாடல்கள் அவ்வளவு நன்றாக இருக்கின்றன, அவற்றை முகாமுக்கும் கொண்டுவரலாம். லேஸெலும் ஷேடோஹார்டும் ஒருத்தியை ஒருத்தி கொல்லப் பார்த்த அந்த இரவுக்குப் பிறகு, மறுநாள் காலையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது. அடுத்த முறை அதை எழுதுங்கள்.

இப்படிக்கு,
முகாமில் எல்லோரிடமும் ஒரு சுற்றுப் பேசிவிட்டுத்தான் தூங்கப்போகும் ஒரு ரசிகன்