புற்றுநோய்ப் பிரிவு டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகத்துக்கும் வணக்கம்.

போன வாரம் அம்மாவின் ஃபைலைப் புரட்டியபோது "நோயாளி சிகிச்சைக்கு மறுத்துவிட்டார்" என்ற வரி கண்ணில் பட்டது. அதிலிருந்து மனசு ஆறவில்லை. அம்மா சிகிச்சையை மறுக்கவே இல்லை, தனக்கு இந்த நோய் வந்திருப்பதை நம்ப முடியாமல் தவித்தார்.

பயாப்சி ரிப்போர்ட்டில் அவர் வயது 58க்குப் பதிலாக 57 என்று இருந்தது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியைப் போட்டு, அந்த வரியின் கீழே விரலை வைத்து, "இது வேற யாரோடதோ, மாத்திக் கொடுத்துட்டாங்க" என்பார். ராத்திரி எழுந்து விளக்கைப் போட்டு மறுபடியும் பார்ப்பார், அப்புறம் மடித்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிடுவார். நாங்கள் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். இப்படியே ஒன்பது வாரம்.

வயது தப்பாக இருக்கிறதே என்று உங்களிடம் கேட்டதற்கு, "நம்பிக்கை இல்லன்னா வேற இடம் பாருங்க" என்று பதில் வந்தது. பயாப்சிக்கு எடுத்த சதைத்துணுக்கு இருக்கும் அதே கண்ணாடி ஸ்லைடுகளை வாங்கி வேறு ஆய்வகத்தில் காட்டலாம் என்பதை எங்களுக்குச் சொன்னது வரிசையில் நின்ற இன்னொரு நோயாளி. அங்கேயும் அதே முடிவுதான். திரும்பி வரும் வழியில் அம்மா, "அப்ப எனக்குத்தானா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அழுதார். மறுவாரமே சிகிச்சைக்கு வந்துவிட்டார்.

நோயே இல்லை என்று நினைப்பது அதிர்ச்சியைத் தாங்க மனசு போட்டுக்கொள்ளும் தடுப்பு என்று மனநல மருத்துவர் எலிசபெத் கூப்லர் ராஸ் 1969லேயே எழுதிவிட்டார். இப்படிப்பட்ட செய்தியைச் சொல்வதற்கென்றே ஆறு படிகள் கொண்ட ஸ்பைக்ஸ் முறை 2000இல் வந்தது. நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் கேளுங்கள் என்கிறது அது. என்னைவிட உங்களுக்கு இது நன்றாகத் தெரியும். அம்மாவுக்கோ கதவு திறந்திருந்த அறையில், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுக்கொண்டே சொன்னீர்கள்.

உங்கள் வேலை நெருக்கடி புரிகிறது. ஆனால் ஸ்கேனுக்கு, மருந்துக்கு, பணம் கட்ட என்று இத்தனை கவுண்டர் வைத்திருக்கிறீர்களே, பயந்துபோய் நிற்பவர் உட்கார்ந்து பேச ஓர் இடம் வைக்க ஏன் யாருக்கும் தோன்றவில்லை? வீட்டு மனிதர்கள்தான் சமாளிக்க வேண்டும் என்றால், எங்களுக்கு அதை யார் சொல்லித் தந்தார்கள்?

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். கேட்பது இதுதான்: ரிப்போர்ட்டைச் சொல்லும் அன்றே பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் நோயாளியோடு உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்யுங்கள். நோயாளி மறுபடி வரவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் அவரே போன் செய்து விசாரிக்கட்டும். எத்தனை பேர் வரிசையில் இருந்தாலும் அந்த ஒருவர் வேண்டும். அம்மாவின் ஃபைலில் இருக்கும் அந்த வரியையும் தயவுசெய்து திருத்திக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருவரின் மகள்