முதுகுவலிக்கு ஓய்வும் பெல்ட்டும் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுகுவலி பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். முக்கால்வாசி அறுவை சிகிச்சையைப் பற்றித்தான். மற்றவர்களுக்கு, 'ஓய்வு எடுங்கள், பெல்ட் போடுங்கள்' என்று ஒரே வரி. தையல் மெஷின் முன்னால் குனிந்தே காலம் தள்ளுகிறவன் நான். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, இன்னதுதான் காரணம் என்று பிடிபடாத வலிக்கானது அது. உடற்பயிற்சி, வலியைப் புரிய வைக்கும் விளக்கம், மசாஜ் போன்றவற்றைப் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டையும், முதுகெலும்பை இழுத்து வைக்கும் இழுவை சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மாத்திரைகளுக்கும் அதே கதைதான்.

வலி வந்த புதிதில் ஆளாளுக்கு என்னைப் படுக்கத்தான் சொன்னார்கள். படுத்தால் அப்போதைக்குச் சுகம். எழுந்தால் முதுகு பலகையாய் விறைத்து நிற்கும். அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் வழிக்குக் கொண்டுவந்தார். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மெதுவாகத் தூக்கி இறக்குவது ஒரு பயிற்சி. கையையும் முழங்காலையும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டி, பிறகு மாற்றி நீட்டுவது இன்னொன்று. "செய்யும்போது வலிக்கிறதே, உள்ளே ஏதாவது ஆகிவிடுமா?" என்று கேட்டேன். "லேசாக வலித்தால் பயப்படாதீர்கள். கூடினால் எண்ணிக்கையைக் குறையுங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள்" என்றார்.

தொழிலை விட முடியாது. அதனால் ஸ்டூலின் உயரத்தைக் கூட்டினேன். பாபினில் நூல் தீரும்போதெல்லாம் எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டுத்தான் மாற்றுகிறேன். துணிக்கட்டை உடம்போடு ஒட்டித் தூக்குகிறேன். வலி முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் வேலையை நிறுத்துவதில்லை.

நடப்பதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். முதுகுவலியிலிருந்து மீண்டவர்களை வைத்து ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடந்தது. 2024-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப வர, சராசரியாக 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பிதுக்கம்', அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை பிதுங்கியிருக்கிறது என்று பார்த்ததும் பாதி உயிர் போய்விடுகிறது. வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல் அது தெரியும் என்பதையும் நீங்கள் எழுதியிருக்கலாம். அதே சமயம், சிறுநீர் மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப் போவது, கால் பலம் குறைவது, கூடவே காய்ச்சல் வருவது என்றால் பயிற்சி கியிற்சி என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். இதுவும் கட்டுரையில் இல்லை.

அடுத்த முறை இந்தப் பயிற்சிகளைப் படம் போட்டு வெளியிடுங்கள். படத்தில் இருப்பவர் இருபது வயது ஜிம் பையனாக இல்லாமல், தொப்பையும் நரையுமாக எங்களைப் போன்ற ஒருவராக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்