பசுமைக் குழுவும் லேப் சிங்க்கும்: பாளையங்கோட்டைத் தோழிக்கு ஒரு கடிதம்

வேலூர்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்தது. பெரியவளுக்கு வரன் அமைந்ததைப் படித்ததும் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். சம்பந்தி வீடு தென்காசிப் பக்கம் என்றால் இனிமேல் குற்றாலச் சீசனுக்கு எங்களுக்கும் தங்க இடம் ஆச்சு. மூட்டுவலிக்கு யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறாயே, அதை விட்டுவிட்டு ஒரு நல்ல டாக்டரைப் பார்.

கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் கேட்டிருந்தாய், "என்னையும் பசுமைக் குழுவில் போட்டுட்டாங்க, உங்க யுனிவர்சிட்டில என்னடி செய்யறீங்க?" என்று. கெமிஸ்ட்ரி டீச்சர் என்றால் எல்லா ஊரிலும் இதே கதிதான் போல. நான் எங்கள் குழுவுக்குள் போய்ச் சில வருஷம் ஆகிறது. தெரிந்ததை எழுதுகிறேன்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும் வருஷம்தான் மரம் நடுவார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. நாக்கின் அளவுகோல்களில் பசுமைத் தணிக்கை, மின்சாரத் தணிக்கை எல்லாம் கேட்கிறார்கள். 2010இல் இந்தோனேசியப் பல்கலைக்கழகம் ஆரம்பித்த, கேம்பஸ் எவ்வளவு பசுமை என்று வரிசைப்படுத்தும் கிரீன் மெட்ரிக் தரவரிசை வேறு இருக்கிறது. மதிப்பெண்ணுக்காகச் செய்தாலும் செய்தது செய்ததுதானே? எங்கள் போர்வெல்களுக்கு மீட்டர் வந்ததே அந்தப் புண்ணியத்தில்தான். அதற்கு முன்னால் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி எடுக்கிறோம் என்று பிளம்பர் அண்ணனைக் கேட்டால், "மோட்டார் ராத்திரி ஃபுல்லா ஓடுச்சு மேடம்" என்பார். அவ்வளவுதான் கணக்கு.

சோலார் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. வேலூர் வெயிலை நீ ஹாஸ்டல் நாளிலேயே திட்டித் தீர்த்தவள். ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் நாலு யூனிட் தருகிறது. தூசியைத் துடைக்க ஆள் வைத்தால் போதும். ஆனால் ஹாஸ்டல் ஃபேன்கள் ராத்திரியில் அல்லவா ஓடுகின்றன! பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்கிற புது வகை மோட்டார் ஃபேன் 30 வாட் சுமாரில் முடித்துக்கொள்ளும். பேனல் வாங்கினால் ரிப்பன் வெட்ட அமைச்சர் வருவார், ஃபேன் மாற்றினால் எலக்ட்ரீஷியன் மட்டும் வருவார். அதனால் ஃபேன் விஷயம் மெதுவாகத்தான் நகர்கிறது.

தண்ணிக்கு வருகிறேன். தாமிரபரணிக் கரையில் இருப்பவளுக்கு இது சொன்னால் புரியுமோ என்னவோ. பாலாறு நந்திமலையில் பிறந்து, கர்நாடகத்திலும் ஆந்திராவிலும் தேக்கினது போக மிச்சம் இருந்தால் எங்களிடம் வரும். 2021 நவம்பரில் கரைபுரண்டு வந்தபோது பாலத்து மேல் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தோம். மற்ற வருஷங்களில் பெரும்பாலும் மணல்தான், அதையும் அள்ளிவிட்டார்கள். இப்போது மாவட்டத்துக்குக் காவிரித் தண்ணி குழாயில் வருகிறது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போனதும், தடவைக்கு 25 லட்சம் லிட்டர், அதே காவிரித் தண்ணிதான். கேம்பஸ் மாதிரி பெரிய இடங்கள் இன்னும் போரை நம்பித்தான் இருக்கின்றன. போர்த் தண்ணி உப்பு, அதனால் ஆர்.ஓ. மெஷின். ஒரு குடம் குடிக்கக் கிடைத்தால் ஒரு குடத்துக்கு மேல் கழிவாக வெளியே போகிறது. அதைப் பிடித்துக் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் திருப்பினோம். செலவு குழாய்க்கும் ஒரு சின்ன டேங்குக்கும் மட்டும். செடிக்கு ஊற்றாதே, உப்பில் கருகிவிடும்.

நான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது லேப் சிங்க்கைப் பற்றி. எந்தக் கல்லூரிப் பசுமை அறிக்கையை எடுத்தாலும் மரம் எத்தனை, பல்பு எத்தனை என்று இருக்கும். சிங்க்கில் என்ன போகிறது என்று இருக்காது.

எங்கள் மாவட்டப் பெயர் சட்டப் புத்தகத்தில் ஏறியதே தோல் கழிவால்தான். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்துகிறவன்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன் கணக்கில் மலையாகக் கிடந்த கதையும் உனக்குத் தெரியும். இதையெல்லாம் கிளாஸில் ஆவேசமாக நடத்திவிட்டு, மதியம் பிராக்டிகலில் பிள்ளைகள் பியூரெட் என்கிற அளவுக் குழாயில் மிஞ்சிய டைகுரோமேட்டை, அதாவது குரோமியம் கலந்த ஆரஞ்சுக் கரைசலை, அப்படியே சிங்க்கில் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். தோல் பதனிட ஊற்றுவது மும்மை குரோமியம். நம் பாட்டிலில் ஆரஞ்சாக இருப்பது அதைவிடக் கொடிய ஹெக்சாவேலண்ட், அதாவது அறுமை குரோமியம். அளவு ரொம்பக் கம்மிதான், தோல் ஷெட்டோடு அதை ஒப்பிடக் கூடாது. ஆனாலும் போகிற இடத்தைப் பார். சிங்க்கிலிருந்து எஸ்.டி.பி. என்கிற கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு. அங்கே இருக்கும் பாக்டீரியா சாப்பாட்டுக் கழிவைத் தின்னும், உலோகத்தைத் தின்னாது. அது வண்டலில் போய்த் தங்கும். அந்த வண்டலைக் காயவைத்து உரமென்று எங்கே போடுவார்கள்? நாக் குழுவுக்காக நட்ட கன்றுகளுக்கு!

இன்னொரு கூத்து. எஸ்.டி.பி. தண்ணி சுத்தமா என்று பார்க்க, அதில் மிஞ்சிய கழிவை அளக்கும் சி.ஓ.டி. டெஸ்ட் செய்கிறோமே, அதற்கும் டைகுரோமேட்தான், கூடவே மெர்குரி சல்ஃபேட், சில்வர் சல்ஃபேட். சுத்தத்தைச் சோதிக்கிற டெஸ்டே விஷத்தை விட்டுச் செல்கிறது.

இப்போது என்ன செய்கிறோம் என்றால், கரைசலை அளந்து எடுக்கும் 20 மில்லி பிப்பெட்டைத் தூக்கிவிட்டு 5 மில்லிக்கு வந்தோம். பியூரெட்டும் சின்னது. பிள்ளைகளின் ரீடிங் ஆரம்பத்தில் கொஞ்சம் இழுத்தது, ஒரு செமஸ்டரில் சரியானது. மிஞ்சியதை ஒரு கேனில் சேர்க்கிறோம். வருஷக் கடைசியில் அதுவே ஒரு பிராக்டிகல்: ஆசிட்டில் ஃபெரஸ் சல்ஃபேட் போட்டால் ஆரஞ்சு பச்சையாகும், ஹெக்சாவேலண்ட் மும்மையாகிவிட்டது. பிறகு சுண்ணாம்பு போட்டு பி.எச். எட்டு, ஒன்பதுக்கு ஏற்றினால் குரோமியம் அடியில் படியும். வடிகட்டிக் காயவைத்து, அபாயக் கழிவு என்று சீட்டு ஒட்டி, உரிமம் உள்ளவர்களிடம் கொடுக்க வேண்டும். சி.ஓ.டி. கழிவில் மெர்குரி இருப்பதால் அதைத் தனி கேனில் வை, இரண்டையும் கலக்கவே கலக்காதே. "இத்தனை வருஷமா ஊத்துனதுல என்ன ஆயிடுச்சு?" என்று ஒரு சீனியர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். லேப் அட்டெண்டர் அண்ணன் மட்டும் கேன் சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்திருக்கிறார். அவர் ரிட்டயர் ஆனால் என்ன ஆகுமோ என்பதுதான் என் பயம்.

மெஸ் பற்றி ஒன்றே ஒன்று. கை கழுவும் இடத்துப் பக்கத்தில் ஒரு தராசு வைத்து, மீந்துபோன சாப்பாட்டின் எடையை அன்றன்றைக்குப் போர்டில் எழுதச் சொல். உபதேசம் எதுவும் வேண்டாம். எங்களுக்கு அதில் தெரிந்தது, பிள்ளைகள் கொட்டுவது சோற்றைவிடக் கத்திரிக்காய்க் கூட்டைத்தான். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் இப்படி! மெஸ் அக்காவிடம் பேசி அதை எண்ணெய்க் கத்திரிக்காயாக மாற்றினோம், இலையில் மிஞ்சுவது குறைந்தது. பிரியாணி நாளில் தொட்டுக்க அதைக் கொடுத்தால் கேட்கவே வேண்டாம்.

பஸ், பைக் கணக்கை நாங்கள் இன்னும் தொடவில்லை. அதில் ஆசிரியர்களின் கார்தான் பெரிய தொகையாக வரும், அதனால் குழுவில் யாருக்கும் அவசரமில்லை.

உங்கள் லேபில் டைகுரோமேட் ஒரு செமஸ்டருக்கு எத்தனை லிட்டர் கரைக்கிறீர்கள் என்று ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பார்த்து எழுது. மீட்டிங்கில் மரம் பற்றிப் பேச ஆரம்பிக்கும் முன் அந்த எண்ணை எடுத்து மேஜைமேல் வை. கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், வீட்டுக்கு வந்து வைக்கவில்லையே என்று கோபப்பட மாட்டேன். தேதி தெரிந்ததும் முதலில் எனக்குச் சொல், ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும். அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
தேவகி