கால் மணி நேரமும் ஒரு வியாழக்கிழமையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு மலரில், எழுதுகிறவர்கள் நேரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை தலையாட்டிக்கொண்டே, இரண்டாவது தடவை கொஞ்சம் எரிச்சலோடு. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்துவிடுங்கள், ஒரு நாள்கூட விடாமல் எழுதுங்கள், வீட்டில் தனி அறை ஒதுக்கிக்கொள்ளுங்கள் என்று கட்டுரையாளர் மூன்று கட்டளை போட்டிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த நான்கு மணிக்கு அவர் வீட்டில் பசியாறலுக்கு அடுப்பைப் பற்றவைப்பது யார் என்று மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நான் பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறேன். வேலை எதிரே பினாங்குத் தீவில், லெபோ பந்தாய் தெருப் பக்கம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பது. நாலரைக்கு எழுந்து, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டி, மாமியாருக்கு மருந்து எடுத்து வைத்து, பள்ளி வேன் கிளம்பியதும் நானும் கிளம்ப வேண்டும். இதற்கு முன்னால் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, அதில் எழுதலாமே என்றால், அந்த ஒரு மணி நேரத்துக்குப் பெயர் தூக்கம். பதினாறு ஆண்டுகளாகக் கதை எழுதுகிறேன். அச்சில் வந்தவை பத்தொன்பது. ஆண்டுக்கு ஒன்று என்று பார்த்தால்கூட வெட்கப்படும் கணக்கு இல்லை, ஆனால் அதில் எட்டு கடைசி சில ஆண்டுகளில் வந்தவை, அது எப்படி வந்தது என்பதைத்தான் எழுத நினைத்தேன்.

அதிகாலையில் எழுந்து எழுதியவர்களில் ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலோப்பைப் பலரும் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டுக்காரர், அஞ்சல் துறையில் முழுநேர அதிகாரி, அதோடு 47 நாவல் எழுதியவர். காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்துவிடுவார். முதல் அரை மணி நேரம் முந்தின நாள் எழுதியதைப் படிப்பார், அப்புறம் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதுவார். இதெல்லாம் அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருப்பது. ஆனால் அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார், அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அவரை எழுப்பிக் காப்பி கொடுக்க ஒரு வயதான வேலைக்காரர் இருந்தார், அதற்காக ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார், தன் வெற்றிக்கு வேறு எவரையும்விட அந்த மனிதருக்குத்தான் கடன்பட்டிருப்பதாக அவரே நினைக்கிறார். ஐயா, எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான். காப்பி போடுகிறவளும் நானே, எழுப்பிவிடுகிறவளும் நானே.

சரி, டிரோலோப்பை அப்படியே தள்ளிவிடவும் எனக்கு மனசு இல்லை. அவர் வேலை நிமித்தமாக ஊர் ஊராகப் போகும்போது ரயில் பெட்டியில் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்துப் பென்சிலால் எழுதியிருக்கிறார், பிறகு மனைவி அதை நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். (மறுபடியும் பாருங்கள், மனைவி.) அந்தக் கால் மணி நேரக் கணக்கும் ரயில் பெட்டியும்தான் எனக்குப் பயன்பட்டவை.

முன்பெல்லாம் கணவருடைய காரில் பாலம் வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். நெரிசலில் ஒரு மணி நேரம் போகும், காருக்குள் வானொலி, பேச்சு, சண்டை, ஒரு வரி ஓடாது. 2023 ஆகஸ்டில் புதிய ஃபெர்ரிகள் வந்தபோது நான் ஃபெர்ரிக்கு மாறினேன். ஜெட்டியிலிருந்து கிளம்பி அக்கரை சேர ஏறக்குறைய அதே கால் மணி நேரம்! உட்கார்ந்ததும் நோட்டைத் திறப்பேன், அக்கரையின் உயரமான கொம்தார் கட்டடம் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தால் மூடுவேன். எனக்கு அதுதான் கடிகாரம். 250 சொல்லெல்லாம் வராது. ஆங்கிலத்தில் 250 சொல் என்பது தமிழில் ஏறக்குறைய 150, 160க்குள் அடங்கிவிடும், "போய்க்கொண்டிருந்தவனிடம்" என்பதை நாம் ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோமே, ஆகவே பயப்பட வேண்டியதில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாலும், அதுவும் வராது. எனக்கு 90 சொல் வரும். வாரத்தில் மூன்று காலை மட்டும் எழுதுகிறேன், அது 270. எட்டு வாரத்தில் இரண்டாயிரம் தாண்டிவிடும், ஒரு சிறுகதைக்கு அது போதும். மாலையில் திரும்பும்போது எழுதுவதில்லை. அலுவலகத்தில் நாள் முழுக்க எண்ணைப் பார்த்த கண் அது, கடலைப் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

மூன்று காலை மட்டும்தானா, தினமும் எழுத வேண்டாமா என்று கட்டுரையாளர் கேட்பார். அதற்குப் பதில் என் அம்மாவிடம் இருக்கிறது. அம்மா சுங்கை பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பெரட்டு என்கிற காலை ஆள்கணக்கெடுப்பு முடிந்து இருட்டோடு இருட்டாகத் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போவார். ஏன் இருட்டில் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், வெயில் ஏறினால் மரம் பாலை இழுத்துக்கொள்ளும் என்பார். பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன், அவர் சொன்னது ஏறக்குறைய சரிதான். விடியலின் குளிர்ச்சியில் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும், வெயில் ஏறி இலை நீரை விட ஆரம்பித்தால் அழுத்தம் குறைந்து பால் சீக்கிரம் நின்றுவிடும். இது கட்டுரையாளருக்குச் சாதகமான சாட்சி, மறைக்கக் கூடாது என்பதால் சொல்லிவிட்டேன். ஆனால் மீதியையும் கேட்க வேண்டும். அம்மா ஒரே மரத்தை அடுத்தடுத்த நாள் வெட்டமாட்டார். இன்றைக்கு இந்தப் பக்கத்து மரங்கள், நாளைக்கு அந்தப் பக்கம், அப்புறம் மறுபடியும் இங்கே. விலை ஏறியிருக்கிறதே என்று தினமும் வெட்டினால் பால் தண்ணீராகும், போகப் போகப் பட்டையே காய்ந்து மரம் பால் தருவதை நிறுத்திவிடும். ஆழமாக வெட்டினாலும் ஆபத்து. உள்ளே காயம் பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அந்த இடத்தில் திரும்பவும் கத்தி வைக்க முடியாது. ஒரே இரவில் நாலாயிரம் சொல் எழுதி, அப்புறம் இரண்டு மாதம் பேனாவைத் தொடாமல் கிடந்தவள் நான், எனக்கு அந்த முண்டு முடிச்சு நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் அம்மாவிடம் பார்த்ததுதான். ஒவ்வொரு மரத்திலும் கத்தி வைப்பதற்கு முன்னால், முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்து எடுப்பார். அதைக் கீழே எறியமாட்டார், தனியாகப் பைக்குள் போட்டுக்கொள்வார், அதற்கும் காசு உண்டு. நான் ஃபெர்ரியில் உட்கார்ந்ததும் போன தடவை எழுதிய கடைசிப் பத்தியைப் படித்து, அதில் இரண்டு மூன்று வரியைக் கண்டிப்பாக அடிப்பேன். அடித்ததை நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். உடனே கை ஓட ஆரம்பித்துவிடும். வெற்றுத்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கொடுமை எனக்கு இப்போது இல்லை. பின்பக்கத்து வரிகளிலிருந்து ஒரு முழுக் கதையே வந்திருக்கிறது, உங்கள் பத்திரிகையில்தான் வந்தது, எது என்று சொல்லமாட்டேன்.

"எனக்கு மட்டும் நேரம் இருந்தால்" என்று பெருமூச்சு விடும் நண்பர்களுக்காக என் மானத்தை வாங்கும் ஒரு கதையையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அலுவலகம் மூடியது. கணவரும் வீட்டில், பிள்ளைகளை அவர் பார்த்துக்கொண்டார். நேரமோ நேரம். ஒரு நாவலே எழுதிவிடுவது என்று இரண்டு புது நோட்டு எடுத்து வைத்தேன். மேசையைச் சன்னல் பக்கம் நகர்த்தினேன், வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று திரும்ப நகர்த்தினேன். தலைப்பு வைத்தேன், மாற்றினேன். பாத்திரங்களுக்குப் பெயர்ப் பட்டியல் போட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் கையில் அரைப் பக்கம்!

வேலை என்பது அதற்குக் கிடைக்கும் நேரம் முழுவதும் விரிந்துகொள்ளும் என்று பார்க்கின்சன் விதி என ஒன்று சொல்வார்கள். அந்தப் பார்க்கின்சன் அதை 1955இல் லண்டன் வார இதழ் ஒன்றில் எழுதியபோது எங்கே இருந்தார் தெரியுமா? நம் பக்கத்தில்தான், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தார். அந்தக் கட்டுரையின் தொடக்கத்திலேயே ஒரு வயதான அம்மாள் வருவார். வேலைவெட்டி இல்லாத அவருக்குத் தங்கை மகளுக்கோ அண்ணன் மகளுக்கோ ஒரு தபால் அட்டை எழுதி அனுப்ப ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும். அட்டையைத் தேட ஒரு மணி நேரம், மூக்குக் கண்ணாடியைத் தேட ஒரு மணி நேரம், இப்படியே. அதைப் படித்தபோது சிரித்துவிட்டு, மேசையை நகர்த்தியது நினைவுக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை. எழுத்தாளர் குழுக்கள் ஐந்தில் இருந்தேன், காலை வணக்கப் பூங்கொத்துகளைத் தள்ளவே கால் மணி நேரம் ஆகும், இப்போது ஒன்றில் இருக்கிறேன், அதையும் மாலையில்தான் திறப்பேன். நூல் வெளியீடுகளைப் பற்றியும் அப்படித்தான். இரண்டு மணி என்று அழைப்பிதழில் போட்டு மூன்றரைக்குத் தொடங்கி, எட்டுப் பேர் பேசி, எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தி முடியும்போது சனிக்கிழமையே முடிந்திருக்கும். போகக்கூடாது என்று சொல்லவில்லை. எழுத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்தால் எழுதிவிட்ட நிறைவு வந்துவிடுகிறது, அதுதான் எனக்குப் பயம்.

இப்போது உங்களிடம் வருகிறேன். கால் மணி நேரத்தை நான் கண்டுபிடித்துக்கொண்டேன். எனக்கு நானே உண்டாக்கிக்கொள்ள முடியாத ஒன்று இருக்கிறது, அது கெடு. எனக்கு நானே குறித்துக்கொள்ளும் தேதியை நானே தள்ளிவைப்பேன், கேட்பதற்கு ஆள் இல்லை. இந்த நாட்டில் நாம் எழுதுவது பெரும்பாலும் போட்டிகளை நம்பித்தான். போட்டிக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுப்பார்கள், நாமெல்லாம் கடைசி வாரத்தில் எழுதுவோம், கடைசி இரவில் முடிப்போம். பரிசு கிடைக்காவிட்டால் கதையில் என்ன கோளாறு என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள், அடுத்த ஆண்டும் அதே கோளாறோடு இன்னொரு கதையை அனுப்புவோம். நான் அப்படி ஏழு தடவை அனுப்பியிருக்கிறேன்.

இதற்கு நம்மிடமே ஒரு முன்மாதிரி இருந்தது. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். பத்திரிகைப் பக்கத்திலேயே பாடம், பயிற்சி, வாசகர்கள் எழுதி அனுப்புவது, அதைப் பார்த்துத் தரம் சொல்வது. மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் எவரும் அதைச் சொல்லாமல் தாண்டுவதில்லை. 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019இல் நின்றுவிட்டது. அந்த வகுப்பை மறுபடியும் எடுத்து நடத்தக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லையே?

ஒரு முழுப் பக்கம் கேட்கவில்லை, விளம்பர நெருக்கடி எனக்கும் புரிகிறது. ஞாயிறு மலரில் அரைப் பக்கம், நான்கு வாரத்துக்கு ஒரு முறை. சின்னப் பயிற்சியாகக் கொடுங்கள், 300 சொல்லுக்குள். ஜெட்டியில் இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள், ஒருவர் பொய் சொல்கிறார், பொய் என்று கதையில் எங்கேயும் சொல்லக்கூடாது, இப்படி ஏதாவது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடிவு என்று போடுங்கள். ஐந்தே காலுக்கு வந்தால் எடுக்காதீர்கள், என்னுடையதாக இருந்தாலும் எடுக்காதீர்கள். பரிசு வேண்டாம், படம் வேண்டாம். நன்றாக இருக்கும் ஒன்றைப் போட்டு, அதில் எங்கே இடறியிருக்கிறது என்று நான்கு வரி காரமாக எழுதுங்கள். திருத்திச் சொல்ல ஆள் இல்லை என்றால், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் மூத்த எழுத்தாளர்களும் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள், மேடையில் பேச அழைக்கும் அளவுக்கு இதற்கு அழைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

செய்வதாக இருந்தால் அறிவிப்பைச் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் போட்டுவிடுங்கள். என் மூன்று காலைகள் செவ்வாய், புதன், வியாழன். வியாழக்கிழமை அக்கரை இறங்கியதும் அலுவலகத்துக்குப் போகும் வழியிலேயே அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் வாசகி
பினாங்கு