உழவர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை (2024 ஏப்ரல் – 2025 மார்ச்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வர முடியாதவர்கள் வீட்டுக்கு இந்த அறிக்கையின் நகலைக் கொடுத்து அனுப்புவேன். அவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு விஷயத்தை மட்டும் விரிவாக எழுதியிருக்கிறேன்.

நிர்வாகக் குழு ஆண்டில் ஒன்பது முறை கூடியது. அதில் இரண்டு கூட்டங்கள் போதிய ஆள் வராததால் ஒத்திவைக்கப்பட்டன. பெரியாறு கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் கேட்டு மனு கொடுத்தோம். மண் பரிசோதனை முகாம் ஒரு நாள் நடந்தது. சங்கக் கட்டடத்துக்கு வெள்ளையடித்தோம். மாட்டுப் பொங்கல் விழா வழக்கம்போல நடந்தது. இந்த ஆண்டு நாம் இழந்த மூத்த உறுப்பினர்கள் இருவருக்கும் சங்கம் அஞ்சலி செலுத்துகிறது. அவர்களில் ஒருவருடைய கண்களைக் குடும்பத்தார் தானமாகக் கொடுத்தார்கள். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்து, அழுகைக்கு நடுவிலும் போன் செய்தவர் அவருடைய மருமகள். அவருக்குச் சங்கத்தின் வணக்கம்.

இனி, கண்ணில் கீறல் பட்டவர்களை உடனே சோதித்துப் பார்க்கச் சங்கம் வைத்திருக்கும் கண் கீறல் பெட்டி.

இதை ஏன் ஆரம்பித்தோம் என்று புதிய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். பழையவர்களிலும் சிலர் கேட்கிறார்கள். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். 2023 தை மாதம், நம் உறுப்பினர் ஒருவரின் மனைவி, எனக்குச் சின்னம்மா முறை, களத்தில் நெல் தூற்றும்போது வலது கண்ணில் பதர் விழுந்தது. முந்தானையைச் சுருட்டி ஊதி ஒத்தடம் கொடுத்தார். உறுத்தல் போகவில்லை. அன்று ராத்திரி தாய்ப்பால் விட்டார்கள். மூன்றாம் நாள் நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு விட்டார்கள். ஐந்தாம் நாள் மருந்துக்கடையில் கண் சிவப்புக்கு என்று கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிவந்தார்கள். அதைப் போட்டதும் சிவப்பு தணிந்தது, வலியும் குறைந்தது. சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். அந்த மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. கண்ணில் பூஞ்சைக் கிருமி இருக்கும்போது ஸ்டீராய்டு போட்டால் மேலே சிவப்பு அடங்கும், உள்ளே கிருமி பரவும்.

பன்னிரண்டாம் நாள் நான் பார்க்கப் போனேன். வெளிச்சத்தில் கண் திறக்க முடியாமல் சேலையால் மூடிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இமையை விலக்கிப் பார்த்தபோது கருவிழியின் நடுவில் மிளகு அளவுக்குச் சாம்பல் நிறப் புண். ஓரம் கோழி இறகின் நுனி மாதிரி பிசிறு பிசிறாக இருந்தது. கருவிழிக்குள் அடிப்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு. அது சீழ் என்று மதுரையில் டாக்டர் சொன்னார். புண்ணைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுப் பூஞ்சை என்றார். நாடாமைசின் என்ற சொட்டு மருந்து கொடுத்தார்கள். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். குலுக்கித்தான் போட வேண்டும், போட்டால் கண்ணில் படிந்து நிற்கும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தரம். இரண்டு மாதம் போட்டுப் புண் ஆறியது, பூ விழுந்துவிட்டது. இன்றைக்கும் அவரிடம் காபி டம்ளரை நீட்டினால் கை ஒரு விரற்கடை தள்ளிப் போகிறது.

இது நம் ஊரில் யாருக்கோ ஒருவருக்கு நடந்த துரதிர்ஷ்டம் அல்ல. 1990களில் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கில், ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தில் 1980களில் எடுத்த கணக்கில் அது 11 பேர்தான். 1994இல் மூன்றே மாதத்தில் மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை டாக்டர் எம். சீனிவாசன் குழுவினர் ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குப் புண்ணுக்கு முன்னால் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி தெரிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பூஞ்சை. அந்தப் பூஞ்சைகளில் முதலிடம் பியூசேரியத்துக்கு. மண்ணிலும் பயிரிலும் வாழ்வது அது. நம் வயலில் இருப்பதுதான் நம் கண்ணுக்குள் போகிறது. இன்று உலகம் முழுவதும் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் இந்தப் பூஞ்சைப் புண் வருவதாக 2021இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும்தான்.

இதற்கு எந்த மருந்து நல்லது என்ற கேள்விக்கு உலகத்துக்கே பதில் கிடைத்தது நம் பக்கத்திலிருந்துதான். இதை நாம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் வெங்கடேஷ் பிரஜ்னாவும், சான்பிரான்சிஸ்கோவிலுள்ள பிராக்டர் நிறுவனத்தாரும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. பாதிப்பேருக்குப் பழைய நாடாமைசின், பாதிப்பேருக்குப் புதிய வோரிகோனசோல். புதியதுதான் ஜெயிக்கும் என்று பலரும் நினைத்திருந்தார்கள். ஜெயித்தது பழையது. பியூசேரியம் தாக்கியவர்களில் நாடாமைசின் போட்டவர்கள், எழுத்துப் பலகையில் மற்றவர்களைவிட நான்கு வரி அதிகமாகப் படித்தார்கள். கருவிழி ஓட்டையாவதும், அவசரமாக மாற்றுக் கருவிழி வைக்க வேண்டியதும் அவர்களுக்குக் குறைவு. 2017இல் உலக சுகாதார நிறுவனம் நாடாமைசினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கருவிழியில் மருந்து விட்டு ஒளி பாய்ச்சும் சிகிச்சை பூஞ்சைப் புண்ணுக்குக் கூடுதல் பலன் தருமா என்றும் பார்த்தார்கள். 2020இல் வந்த முடிவு, தரவில்லை என்பது. 2022இல் நேபாளத்தில் குளோர்ஹெக்சிடின் சொட்டு மருந்தோடு ஒப்பிட்டபோதும் நாடாமைசினே முந்தியது. அந்த மருந்துக்கும் எல்லை உண்டு. சீக்கிரம் போட்டால்தான் கேட்கும். பன்னிரண்டு நாள் கழித்துப் போனவருக்குக் கண் மிஞ்சியதே பெரிது.

அதனால்தான் புண் வருவதற்கு முன்னாலேயே தடுக்க வேண்டும் என்று பெட்டியை ஆரம்பித்தோம். நேபாளத்தில் பக்தபூர் வட்டாரத்தில் கிராமத் தொண்டர்கள் கண் கீறலுக்குக் குளோராம்பெனிகால் ஆயின்மென்டை மூன்று நாள் போட்டார்கள். 442 கீறல்களில் 424 புண்ணாகாமல் ஆறின. அடிபட்டு 18 மணி நேரத்துக்குள் மருந்து போட்டவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. பிறகு நம் மதுரை மாவட்டக் கிராமங்களிலும் இதே மாதிரி செய்து 2006இல் வெளியிட்டார்கள். சரியான நேரத்தில் வந்தவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் ஆயின்மென்ட் மட்டுமே போதுமானதாக இருந்தது. இதைப் படித்த அன்றே எனக்குச் சின்னம்மாவின் பன்னிரண்டு நாள்தான் கண்முன் வந்தது.

பெட்டியில் இருப்பவை: நீல வெளிச்ச டார்ச், கண்ணில் தொட்டு வைக்கும் ஆரஞ்சு நிறச் சாயம் தோய்த்த காகிதக் கீற்றுகள் (கீறல் இருந்தால் நீல வெளிச்சத்தில் அந்த இடம் பச்சையாகத் தெரியும்), உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு நோட்டு. ஆயின்மென்டை, கண் டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, ஓய்வு பெற்ற செவிலியரான நம் உறுப்பினர் அக்காதான் கொடுக்கிறார். மார்கழிக் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். பொங்கல் கரும்பு வெட்டுக்குப் போன பையன் ஒருவன் தோகை கிழித்துவிட்டதாகக் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தான். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. 'தண்ணி அடிச்சுக் கழுவினா போதும்க்கா, கூலி போயிரும்' என்று திரும்பப் பார்த்தான். அக்கா விடவில்லை. காகிதத்தைத் தொட்டு வைத்து, விளக்கை அணைத்து, நீல டார்ச்சை அடித்தார். கருவிழியில் குறுக்காக ஒரு பச்சைக் கோடு, நெல்லின் நீளத்துக்கு, மின்மினி மாதிரி ஒளிர்ந்தது. செல்போனில் படம் எடுத்து அவனிடமே காட்டினோம். அப்புறம் அவன் பேசவில்லை. நான்காம் நாள் மறுபடி பார்த்தபோது கோடு இல்லை. நோட்டில் இந்த ஆண்டு இப்படிப் பதினொரு பேர். அதில் இருவரை அன்றே மதுரைக்கு அனுப்பினோம். எல்லோருக்கும் பார்வை பத்திரமாக இருக்கிறது.

இங்கே ஒரு கருத்து வேறுபாட்டையும் பதிவு செய்ய வேண்டும். நிர்வாகக் குழுவில் ஒரு அண்ணன், 'நேபாளத்திலேயே இது பலிக்கலையாம், நாம எதுக்குச் செலவு பண்றோம்?' என்று கேட்டார். அவர் சொன்னது பொய் இல்லை. 2022இல் நேபாளத்தில் பெரிய அளவில் நடத்திய ஆய்வு வெளியானது. தொண்டர்களை வைத்து மருந்து கொடுத்த பகுதிகளுக்கும் கொடுக்காத பகுதிகளுக்கும் புண் வரும் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுபடி மறுபடி யோசித்தேன். மருந்து வேலை செய்யாது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால் மட்டும் ஊரில் புண் குறைந்துவிடாது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். கீறல் பட்டவர் அன்றைக்கே வர வேண்டும். அவர் வராவிட்டால் நாம் போக வேண்டும். அதற்கும் முன்னால், கண்ணில் படாமலே பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் தை, மாசி இரண்டு மாதமும் சாயங்காலம் களத்துக்குக் களம் சைக்கிளில் போய்க் கேட்டேன். அதனால்தான் நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி ஐம்பது வாங்கினோம். அண்ணன் கேட்ட கேள்விக்கு நன்றி. ஆனால் கேள்வி கேட்டவர் ஒரு நாளாவது கூட வந்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

கண் பரிசோதனை முகாம் அன்று நடந்ததையும் சொல்லியாக வேண்டும். மருத்துவக் குழு காலை எட்டரை மணிக்கே வந்துவிட்டது. பெயர் கொடுத்த உறுப்பினர்கள் இருபத்திரண்டு பேர். வந்தவர்கள் ஆறு பேர். நாற்காலி போட, ஆள் வரிசையை ஒழுங்கு செய்ய, சாப்பாடு பரிமாற நானும் என் மனைவியும் மகளும், செவிலியர் அக்காவும்தான். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து உதவினார்கள். அன்று முகூர்த்த நாள் என்பது எனக்கும் தெரியும். என் வீட்டுக்கும் மூன்று பத்திரிகை வந்திருந்தது.

சந்தா பற்றி. மாதம் முப்பது ரூபாய். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாக்கி, சிலர் இரண்டு ஆண்டுப் பாக்கி. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை. பட்டியல் மேஜை மேல் இருக்கிறது. வெள்ளாமை பொய்த்தவர்களைக் கேட்கும் மனம் எனக்கு இல்லை. வசதி இருப்பவர்களும் சேர்த்தே தள்ளிப்போடுவதுதான் வருத்தம்.

வரவு செலவைப் பொறுத்தவரை, சந்தா, கட்டட வாடகை, விழா நன்கொடை ஆகியவை வரவாகவும், வெள்ளையடிப்பு, மின்கட்டணம், விழா, முகாம் ஆகியவை செலவாகவும் உள்ளன. ஏறக்குறைய ஈடுகட்டியிருக்கிறோம். கண்ணாடி வாங்கியதில் ஒரு பகுதியும், மதுரைக்கு அழைத்துப் போன பஸ் செலவும் என் கைப்பணம். ரசீதுகளைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். திருப்பித் தர வேண்டும் என்று கேட்கவில்லை, கணக்கில் ஏற வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். முழு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார்.

ஒத்துழைத்த தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், குழு உறுப்பினர்கள், இடம் கொடுத்த பள்ளித் தலைமையாசிரியர், பந்தல் போட்டுக் கொடுத்தவர், கிராம சுகாதாரச் செவிலியர் எல்லோருக்கும் நன்றி. செவிலியர் அக்காவுக்குத் தனியாக ஒரு நன்றி. ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினாலும் டார்ச்சோடு எழுந்து வருகிறவர் அவர்.

அடுத்த ஆண்டு பற்றி உள்ளதைச் சொல்கிறேன். காகிதக் கீற்றுகள் இன்னும் ஒரு பெட்டிதான் மிச்சம். கண்ணாடிகளில் பதினைந்து கீறல் விழுந்து மங்கிவிட்டன. கதிர் அறுக்கும் மிஷின் வந்தபிறகு தூசி முன்பைவிட அதிகம். மிஷின் பின்னால் வைக்கோல் கட்டும் பெண்களுக்காவது ஆளுக்கொரு கண்ணாடி வேண்டும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சீட்டு இல்லாமல் விற்க வேண்டாம் என்று சுற்று வட்டார மருந்துக்கடைகளில் நேரில் போய்க் கேட்க நாலு பேர் சேர்ந்து வர வேண்டும். தனியாகப் போனால் உட்காரக்கூடச் சொல்வதில்லை. அக்காவுக்கு முழங்கால் வலி. எனக்கும் சைக்கிள் மிதிக்க முன்போல முடியவில்லை. டார்ச் பிடிக்கக் கற்றுக்கொள்ள இளையவர்கள் இருவர் வந்தால் அக்கா ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

மார்கழியில் கரும்பு வெட்டு தொடங்கிவிடும், தையில் நெல். பெட்டிச் சாவி இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. இன்றே யாராவது கேட்டால் இன்றே கொடுத்துவிடுகிறேன். யாரும் கேட்காவிட்டால் அது என் வீட்டு நிலைப்படி ஆணியில் தொங்கும். ராத்திரியிலும் கதவைத் தட்டலாம்.

இப்படிக்கு,
செயலாளர்