ஏற்காட்டு மலையில் சந்திரயான்-3 பார்க்க வைத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை மதியம் 2:35 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 கிளம்பியபோது, ஏற்காட்டின் உள்பகுதியில் ஒரு மலைக்கிராமப் பள்ளியில் பிள்ளைகளும் பெற்றோர்களும் நாங்களும் ஒன்றாக உட்கார்ந்து அதைப் பார்த்தோம். உதவியவர்களுக்கு அப்போதே நேரில் நன்றி சொன்னோம். 2024 ஆகஸ்டில் முதல் தேசிய விண்வெளி தினம் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால், சந்திரயான்-3 கொண்டுபோய் நிலவில் ஓடவிட்ட பிரக்யான் ரோவர் வண்டியின் முக்கியமான ஆய்வு முடிவு ஒன்றும் வெளியானது. அந்த முடிவுக்கும் அன்று பள்ளிக்கூடத்தில் கைமாறிய ஒரு கல்லுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதனால் அந்த நாளை முழுசாகச் சொல்லி, ஊரறிய ஒருமுறை நன்றி எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் நன்றி பள்ளித் தலைமையாசிரியை அம்மாவுக்கு. நிகழ்ச்சிக்கு முதலில் ஒப்புக்கொண்ட இடம் கடைசி நேரத்தில் இல்லை என்று ஆகிவிட்டது. அழைப்பு எல்லா ஊருக்கும் போய்விட்ட நிலையில் அவரிடம்தான் போய் நின்றோம். "எங்க பிள்ளைங்க பார்க்கணும்னா எங்க பள்ளிக்கூடத்துலயே பார்க்கட்டுமே" என்றார். இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவே இருந்த தடுப்பைக் கழற்றி ஒரே கூடமாக்கிக் கொடுத்தார். ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கியது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்.

திரை, ஸ்பீக்கர், நாற்காலி எல்லாவற்றையும் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றிக் கொண்டுவந்தது ஒரு குட்டியானை வண்டி. வண்டி ஓட்டிய தம்பி வாடகை வேண்டாம் என்றதோடு, டீசல் காசைக் கையில் திணித்தபோதும் வாங்கவில்லை. நிகழ்ச்சி முடியும்வரை கடைசி வரிசையில் நின்று பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினார்.

மலையில் உள்ளே போகப் போக செல்போன் சிக்னல் நம்ப முடியாது. இணையத்தில் பார்ப்பது நடக்காது என்று முதலிலேயே சொன்னவர் டிஷ் மாட்டும் அண்ணன். தூர்தர்ஷனில் நேரலை வரும், டிஷ் போதும் என்றார். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜூலை மாதம் தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். மழை கனமாக விழுந்தால் செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை நீர்த்துளிகளில் பலவீனமாகி, படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அவர் பெரிய அளவு டிஷ் ஒன்றைத் தேடி எடுத்து வந்து, கூரை மேல் ஏறித் தூறலில் நனைந்தபடி திசை திருப்பிச் சரி செய்தார். இரண்டு மணி வாக்கில் கரண்ட் போனது. கீழ்த்தெருவில் ஒரு காதுகுத்துக்குப் பந்தல் போட்டிருந்த மைக்செட்காரர் ஜெனரேட்டரோடு வந்து சேர்ந்தார். காதுகுத்து வீட்டாரே "பாட்டு அப்புறம் கேட்டுக்கலாம், ராக்கெட் நிக்காது" என்று அனுப்பி வைத்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு எங்கள் வணக்கம். காது குத்திய குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார்கள்.

காத்திருந்த நேரத்தில் பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஐயா. அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒரு பெண் கேட்டாள்: "1969-ல அப்பல்லோ 11 நாலு நாள்ல நிலாவுல இறங்கிடுச்சாமே, நம்மளது மட்டும் ஏன் நாப்பது நாள்?" ஐயா பிள்ளைகளை வெளியே பலாமரத்தடிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஆடிக்காகக் கட்டியிருந்த தூரியில், அதாவது ஊஞ்சலில், ஒரு பையனை உட்கார வைத்து, தூரி தன்னிடம் வரும்போது மட்டும் லேசாக ஒரு தள்ளு தள்ளினார். ஒவ்வொரு தள்ளுக்கும் தூரி இன்னும் உயரே போனது. அப்பல்லோவைச் சுமந்த சாட்டர்ன் 5 மாதிரி ராட்சத ராக்கெட் இருந்தால் ஒரே வீச்சில் எறிந்துவிடலாம். நம்முடைய எல்விஎம்3 ராக்கெட் சுமார் 640 டன் எடை, 43.5 மீட்டர் உயரம். அது 3,900 கிலோ விண்கலத்தைப் பூமியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில் விட்டுவிடும். கலம் பூமிக்கு மிக அருகில் வரும் ஒவ்வொரு முறையும் தன் எஞ்சினைக் கொஞ்ச நேரம் எரித்து, பாதையை நீட்டிக்கொண்டே போகும். செலவு குறைவு, நாள்தான் அதிகம். இதைத் தூரியிலேயே காட்டிவிட்டார். ஆடிப் பதினெட்டுக்கு முன்பே, ஆகஸ்ட் 1 அன்று, கலம் நிலவுப் பாதைக்குத் திரும்பிய செய்தி வந்தபோது அந்தப் பெண் தன் அப்பாவின் போனில் ஐயாவைக் கூப்பிட்டு, "கடைசித் தள்ளு தள்ளிட்டாங்க சார்" என்றாளாம்.

இனி அந்தக் கல்லைப் பற்றி. பெரியார் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்த ஒரு தங்கை பையில் வைத்து எடுத்து வந்த வெள்ளைக் கல் அது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கம் கிடைக்கும் அனார்த்தசைட் பாறையின் ஒரு துண்டு. நிலவின் வெளிறிய மேட்டுப் பகுதிகளில் இருப்பதும் இதே குடும்பத்துப் பாறைதான். நிலவில் இறங்கும் கலமான லேண்டர் கால் ஊன்றுவதையும் ரோவர் சக்கரம் ஓடுவதையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கட்டுபடியாகாது. சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகள் அதற்குப் பொருந்தும் என்று கண்டறிந்ததில் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறைக்குப் பெரிய பங்கு உண்டு. பாறையை உடைத்து, சேலம் பக்கத்து கிரஷர்களில் தேவையான அளவுக்குப் பொடியாக்கி, பெங்களூருக்கு அனுப்பினார்கள். பிரக்யானின் ஆறு சக்கரங்கள் நிலவில் ஓடுவதற்கு முன்பே நம் பக்கத்து மண்ணில் ஓடிப் பழகிவிட்டன.

தங்கை இதையெல்லாம் மேடைப் பேச்சாகப் பேசவில்லை. கல்லை முதல் வரிசையில் கொடுத்துவிட்டு, அது கைமாறிப் போகும் வழியிலேயே நடந்து நடந்து சொன்னார். காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு பாட்டி அதை வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் வீட்டுக்காரர் கல் உடைக்கப் போனவர் என்றார்.

இனி, முதலில் சொன்ன அந்த முடிவைச் சொல்கிறேன். மண்ணில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று அளக்க பிரக்யானில் இருந்த ஏபிஎக்ஸ்எஸ் என்ற கருவி, ரோவர் ஓடிய நூறு மீட்டர் சொச்சம் தூரத்தில் 23 இடங்களில் மண்ணை அளந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி மையத்தின் குழு அதை ஆராய்ந்து, 2024 ஆகஸ்ட் 21 அன்று நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியிட்டது. அங்குள்ள மண் பெரும்பாலும் அனார்த்தசைட் வகை; இடத்துக்கு இடம் பெரிதாக மாறவும் இல்லை. நிலவு பிறந்த புதிதில் அதன் மேல்பகுதி உருகிய பாறைக் கடலாக இருந்தது, லேசான கனிமங்கள் மேலே மிதந்து இறுகியதால்தான் இந்த மேலோடு உண்டானது என்ற கருத்துக்கு இது வலுவான ஆதாரம். அப்பல்லோ பயணங்கள் நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளிலிருந்து கல் கொண்டு வந்தன. அவ்வளவு தெற்கே, தென் துருவப் பகுதியில், தரையில் நின்று மண்ணை அளந்தது இதுவே முதல் முறை. தங்கச்சி, நீங்கள் அன்று எங்கள் கையில் கொடுத்த கல் சரியான கல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது அவர்கள் போட்ட சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

ஏவுதலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நாடே பார்த்தது. ஆனால் ஐயா பக்கத்தில் இருந்ததால் நாங்கள் வேறு விதமாகப் பார்த்தோம். முதலில் இரண்டு திட எரிபொருள் ராக்கெட்டுகள் மட்டும் எரிகின்றன, நடுவில் இருப்பது இன்னும் எரியவில்லை என்று சொல்லி வைத்திருந்தார். ஏறக்குறைய 108-ஆவது நொடியில் நடுப்பகுதியின் விகாஸ் என்ற திரவ எரிபொருள் எஞ்சின்கள் பற்றிக்கொண்டபோது பிள்ளைகள் அறிவிப்பாளருக்கு முன்பே கத்திவிட்டார்கள். அந்த எஞ்சின்களும் மேலே உள்ள, கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினும் நம் திருநெல்வேலிப் பக்கம் மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்டவை. சுமார் பதினாறு நிமிடத்தில் கலம் பிரிந்தது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே டெக்னீஷியனின் மகன் என்று தலைமையாசிரியை சொன்னபோது கூடத்தில் இருந்த அப்பாக்கள் முகத்தைப் பார்த்தேன். அதற்காகவே இந்த நிகழ்ச்சியை இன்னும் பத்து ஊரில் நடத்தலாம்.

சத்துணவுக் கூடத்தில் எல்லோருக்கும் சுண்டலும் சுக்குக் காப்பியும் செய்து கொடுத்த அக்காக்களுக்கு நன்றி. அவர்கள் ஏவுதலைப் பார்க்க வந்தே ஆக வேண்டும் என்று அடுப்பை அணைத்துக் கூட்டி வந்த பிள்ளைகளுக்கும் நன்றி.

லேண்டர் நிலவில் தரையிறங்கிய 2023 ஆகஸ்ட் 23 மாலை நாங்கள் இரண்டாகப் பிரிந்தோம். பாதிப் பேர் மலையில், பாதிப் பேர் சேலம் அம்மாப்பேட்டையில். அங்கே தறிக்கூட வாசலுக்கு டிவியை எடுத்து வைத்து, தறியை நிறுத்தி, வேலையாட்களையும் தெருவையும் பார்க்க வைத்த அண்ணனுக்கு நன்றி. தறி நின்றால் கூலி நிற்கும். அந்த ஒரு மணி நேரக் கூலியை அவர் தன் கையிலிருந்து கொடுத்தார் என்று பின்னால்தான் தெரிந்தது. ஏன் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெருவில் ஒருவர் கேட்டார். இறங்கும் இடத்தில் அப்போதுதான் விடிந்திருக்கும், நிலவின் ஒரு பகல் நமக்குப் பதினான்கு நாள், சூரிய ஒளியில் ஓடும் கருவிகளுக்கு அந்தப் பகல் முழுசாக வேண்டும். பதில் சொன்னது எங்கள் ஆள் இல்லை, தறியில் வேலை பார்க்கும் ஒரு பையன்.

2019-ல் சந்திரயான்-2 லேண்டரின் தொடர்பு 2.1 கிலோமீட்டர் உயரத்தில் அறுந்தது எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது. திரையில் உயரம் அதற்குக் கீழே இறங்கியபோது யாரும் பேசவில்லை. ஆறு மணி கடந்து நான்கு நிமிடத்தில் தெரு முழுக்கக் கைதட்டல். எதிர்வீட்டு அம்மா சர்க்கரை டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்து எல்லோர் வாயிலும் போட்டார். அவருக்கும் நன்றி.

அதன்பின் வந்த நாட்களில் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்ந்த 26 கிலோ ரோவரை இந்த இரண்டு ஊரும் சொந்தப் பிள்ளையை விசாரிப்பதுபோல் விசாரித்தன. நான்கு மீட்டர் அகலப் பள்ளம் எதிரே வந்ததும் திரும்பி வேறு வழி போனது, கந்தகம் இருப்பதை உறுதி செய்தது, எல்லாவற்றையும் பள்ளியின் கரும்பலகையில் எழுதி வைத்த ஆறாம் வகுப்பு ஆசிரியைக்குத் தனி நன்றி.

கடைசியாகக் கணக்கு. நன்கொடையாக வந்ததில் செலவு போக மீந்த பணத்தைத் திருப்பித் தர முன்வந்தபோது ஒருவர்கூட வாங்கவில்லை. அதில் 10x50 பைனாகுலர் ஒன்று வாங்கிப் பள்ளிக்குக் கொடுத்திருக்கிறோம். சித்தம்பூண்டிக் கல்லும் அங்கேதான் இருக்கிறது. சுற்றுவட்டாரப் பள்ளிகள் எதுவானாலும் தலைமையாசிரியை அம்மாவிடம் கேட்டு வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். கொண்டுபோய்ச் சேர்க்க அந்தக் குட்டியானைத் தம்பி தயாராக இருக்கிறார்.

அன்புடன்,
சேலத்திலும் ஏற்காட்டிலும் உள்ள விண்வெளி ஆர்வலர் நண்பர்கள் சார்பில்